எதிரெதிர் கேலரியில் இரண்டு டிக்கெட்

சிவப்புத் துணியில் வெட்டிய எழுத்துகளை வெள்ளைப் படுதாவின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் கொடியக்கா. ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று மூட்டிச் செய்த படுதா அது. சலூனின் தரை முழுக்கப் பரந்து கிடந்ததால், கூட்டத்துக்கு வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓரமாகத் தாவித் தாவி உள்ளே போனார்கள். ஒரு ஆள் நேராக 'நியாயம்' என்ற சொல்லின் மேல் காலை வைத்தான்.

"கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், தையல் பிரிவில் அவளுக்கு வேலை. கிழிந்த விரிப்பும் நாடா அறுந்த நோயாளிச் சட்டையும் அவள் கைக்கு வந்துதான் மறுபடி வார்டுக்குப் போகும். கால்பந்து அவள் தேடிப் போனதல்ல, கல்யாணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கணவர் பஸ் கண்டக்டர். உள்ளூர் அணி ஆடினால் யாரிடமாவது ஷிப்டை மாற்றிக்கொண்டு மைதானத்தின் தெற்குக் கேலரிக்குப் போய்விடுவார். இந்த மனுஷன் வாராவாரம் எங்கேதான் தொலைகிறார் என்று ஒரு நாள் கூடவே போனவள், ரசிகர்கள் தூக்கிப் பிடித்திருந்த கொடியின் தையலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதக் கையால தச்சீங்களா, காலாலயா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் தலையில் விழுந்த வேலை இன்றுவரை இறங்கவில்லை. கொடியக்கா என்ற பேரும் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டத்தின் விதிகள் அவளுக்குப் பிறகுதான் விளங்கின.

பக்கவாதம் வந்து கணவரின் வலது பக்கத்தையும் பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டது. ஆட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. உள்ளூர்ப் போட்டிகளில் சக்கர நாற்காலிக்குத் தெற்குக் கேலரியின் கீழ்வரிசையில் இடம் உண்டு. துணைக்கு வருபவருக்கு அதை ஒட்டியே ஒரு இருக்கை, அதற்குக் காசு கிடையாது. அவருக்குப் புரையேறினால் உடனே முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இடைவேளை முடிவதற்குள் கழிவறைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். அவரை அவள் பார்த்துக்கொள்வாள், ஆட்டத்தை அவர் பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பல நாடுகள் ஆடும் பெரிய போட்டி இந்த ஊருக்கே வந்தது. டிக்கெட் விலை ஓரிடத்தில் நிற்கவில்லை, கேட்பவர்கள் கூடக் கூட ஏறும் என்றார்கள் போட்டிக் குழுவினர். துணைக்கு வருபவருக்கும் முழு விலை. பக்கத்து இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். தெற்குக் கேலரி ரசிகர் சங்கம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. புகார் கண்டக்டரின் பெயரில். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். திங்கட்கிழமை காலை விசாரணை. விலை இறங்கும்வரை சங்கத்தில் ஒருத்தரும் டிக்கெட் வாங்குவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள். செய்யவைத்தவர் சங்கத் தலைவரான சலூன்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கடையில் கூடியது ஆதாரம் சேர்ப்பதற்காக. யோசனை, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் வாத்தியாருடையது.

"எல்லாரும் போன எடுங்க. டிக்கெட் விக்கிற பக்கத்துக்குள்ள போங்க. சக்கர நாற்காலி டிக்கெட்ட அமுக்குங்க. வாங்க வேணாம், விலைய மட்டும் படம் புடிங்க. வெளிய வாங்க, மறுபடி போங்க."

அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் கத்தினான், "ஏறிடுச்சு!" இன்னொருத்தன், "எனக்கு இன்னும் மேல!" என்றான். கோல் விழுந்ததுபோல ஆரவாரம். வாத்தியார் கையை உரசிக்கொண்டார். "விடாதீங்க, இன்னொரு தடவ!"

கொடியக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கப்பா. இப்ப இந்த விலைய ஏத்துறது யாரு?"

"அந்தக் குழுதான்க்கா. வேற யாரு?"

"கேக்குற ஆளு கூடினா ஏறும்னு அவங்கதானே சொன்னாங்க? ஊரே சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு. இந்த நேரத்துல உக்காந்து அமுக்கிட்டிருக்கிறது யாரு?"

ஒவ்வொருவராகத் தங்கள் போனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"ஒரு வகையில பாத்தா, அதுவும் ஆதாரந்தான்" என்றார் வாத்தியார், குரல் இறங்கி.

"நல்லா இருக்கு. 'பாருங்கய்யா, எவ்வளவு ஆசையா கேக்குறாங்க'ன்னு நாளைக்கு அவங்க வக்கீல் இதையே நீட்டுவான். மூடுங்க எல்லாத்தையும்!"

மூடினார்கள். சலூன்காரர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஆனால் சலூன் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் முழித்த முழி எல்லோருக்கும் தெரிந்தது.

"தலைவரே, என்ன பண்ணீங்க?"

"வாங்கிட்டேன்க்கா."

"என்னத்த?"

"டிக்கெட்டு. அண்ணனுக்கும் உனக்கும். விலை சரசரன்னு ஏறுது, நாற்காலி இடம் தீரப்போவுதுன்னு செவப்புல மின்னுது. பதறிப்போச்சு. கை தானா அமுக்கிடுச்சு."

கடை இரண்டுபட்டது. "சத்தியம் பண்ண வச்சதே நீதானய்யா!" என்று ஒருவன் எகிறினான். "நாளைக்கு விசாரணைய வச்சுக்கிட்டு இன்னிக்கு வாங்குவானா ஒருத்தன்?" என்றான் இன்னொருவன். சலூன்காரர் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கொடியக்கா அவர் போனைப் பிடுங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். நாற்காலி இடம் தெற்குக் கேலரி, கீழ்வரிசை. துணை இருக்கை வடக்குக் கேலரி, மேல்வரிசை.

"இவரு இந்தக் கோடியில. நானு அந்தக் கோடியில, மாடியில. இவருக்குப் புரையேறினா அங்கேருந்து ஊதிவிடணுமா?"

"பைனாகுலர் வேணா வாங்கிக் குடுக்கலாம்" என்றார் வாத்தியார்.

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த கண்டக்டர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, முகம் சிவந்துபோனார். அவள் படுதாவைத் தாண்டி வந்து அவரை முன்னால் சாய்த்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். "சிரிங்க. உங்களுக்கென்ன!"

பிறகு போட்டிக் குழுவின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். பாட்டு ஓடியது. பாட்டு நின்று, காத்திருக்கச் சொன்னது. மறுபடி அதே பாட்டு. ஒருவழியாக ஒரு பெண் பேசினாள்.

"வித்த டிக்கெட்ட மாத்த முடியாது மேடம். துணைக்கு வர்றவங்களையும் நாங்க ஒரு ரசிகராத்தான் பாக்குறோம்."

"அன்னிக்கு நான் ரசிகை இல்லம்மா. ஆயா. பந்தப் பாக்க எனக்கு எங்க நேரம்?"

"உங்க உணர்வு புரியுது மேடம்."

"உணர்வெல்லாம் வேணாம், பக்கத்து சீட்டு வேணும்."

அழைப்பு முடிந்ததும், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போன் கேட்டது. அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

மறுநாள் காலை, அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வேனில் ஏற்றி ஆணையத்துக்குக் கொண்டுபோனாள். சரிவுப் பாதை கட்டடத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே இருந்தது. அதையும் திட்டிக்கொண்டே தள்ளினாள். இவள் வருவதற்குள் சலூன்காரர், நேற்றைய தப்பை நேர்செய்கிற வேகத்தில், அந்த இரண்டு டிக்கெட்டையும் போனில் ஆளுக்கு ஆள் காட்டி முடித்திருந்தார். போட்டிக் குழுவின் வக்கீலுக்கும் சேர்த்துத்தான். வக்கீல் யாருடனோ போனில் பேசிவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. ரெண்டு இடத்தையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுடறோம். துணை டிக்கெட் காசும் திரும்பிடும். ஐயா புகார வாபஸ் வாங்கினா போதும். இங்க ஒரு கையெழுத்து."

இது சங்கத்துக்குச் செய்கிற துரோகம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் இவர்களோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. சங்கத்துக்கு அடுத்த போட்டி உண்டு. இவருக்கு உண்டா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வக்கீலின் பேனாவை வாங்கிக் கணவரின் இடது கையில் வைத்தாள்.

"போடுங்க. பக்கத்துலயே இருப்பேன்."

அவர் பேனாவைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். பேனாவை மெல்லத் தன் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"உள்ள..." என்றார். வாய் கோணிக்கொண்டு சிரமப்பட்டது. "உள்ள... போ."

கூட்டமான பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கத்திய வார்த்தை. மிச்சமிருந்த பேச்சில் அதுதானா கிடைத்தது என்று அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கையெழுத்து அவருடையது. பிடித்து இழுத்துப் போடவைக்க அவளால் முடியாது.

"வக்கீலய்யா, நாற்காலியில வர்ற எல்லாருக்கும் பக்கத்து சீட்டு, காசில்லாமன்னு எழுதிக் குடுங்க. நானே வாங்கித் தர்றேன் கையெழுத்த."

"அது என் கையில இல்லம்மா."

"அப்ப யாரு கையில இருக்குன்னு உள்ள போயே கேக்கறோம்."

விசாரணை அறையின் வாசலில் ஒரு உயரமான படி. சலூன்காரரைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, பெரிய சக்கரங்களை முதலில் படியேற்றி, கணவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.