காரை ஓடையில் பொறுக்கிய கல்

உலக யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் போய் இறங்கி, காரை கிராமத்துப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் நடப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. ஆதிகாலக் கடல் விட்டுப்போன சுருள் சிப்பிக் கற்கள் அங்கே காலில் இடறும். அன்றும் சிலவற்றைப் பொறுக்கி, மண் போகத் துடைத்து, துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்திலிருந்த ஏரியைப் பார்க்கக் கரைமேல் ஏறியதும் முதுகில் தடி விழுந்தது.

"மேலக்கரைக்காரனுக்குக் கல்லு சுமக்கிறியாடா?"

அந்த ஏரியின் மதகுத் தண்ணீருக்காக மேலக்கரையும் இந்த ஊரும் அடித்துக்கொள்வது எனக்குத் தெரியாது. வாயைத் திறப்பதற்குள் பல் உடைந்தது. கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் அரிவாளை ஓங்கினான்.

அவர்கள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குறுக்கே பாய்ந்து என் பையைக் கொட்டினாள்.

"சண்டைக்கு வர்றவன் கல்லத் தொடச்சு, துணி சுத்தியா எடுத்துட்டு வருவான்? வுடுங்கடா அவர!"

அரிவாள் இறங்கியது. "தெரியாம அடிச்சுட்டோம் சார்" என்று ஓங்கியவனே என்னைத் தூக்கிவிட்டான்.

அதற்குள் மேலக்கரை ஆட்கள் கல் வீசிக்கொண்டே ஓடி வந்தார்கள். என்னைத் தூக்கியவன் குனிந்து, சிதறிக் கிடந்த என் சிப்பிக் கற்களை அள்ளி எறிந்தான். அவர்கள் அவற்றையே எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். ஒன்று அந்தப் பெண்ணின் நெற்றியைப் பிளந்தது. வண்டியில் ஏற்றும்போதே அவளுக்கு மூச்சு இல்லை.

கடல் கிடந்த இடத்தில் ஒரு மதகுத் தண்ணீருக்காகச் செத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அந்தக் கல் என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் நான் மறுபடி துடைக்கவில்லை.