அது அமெரிக்கா, இது சொசைட்டி

ஞாயிற்றுக்கிழமை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய ஒருவரை, புதன்கிழமை ‘உங்களுக்கு இங்கே வீடு இல்லை’ என்று அனுப்ப முடியுமா? முடியும். மும்பை செம்பூரில், நான் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டியில், என் கண் முன்னாலேயே நடந்தது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சொசைட்டி ஹாலில் மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் கூடும். பெயர் ‘சுதந்திரச் சிந்தனை வட்டம்’. பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தனிமனித சுதந்திரம் பற்றிக் கவலைப்படுவார்கள். நடுவில் டீயும் வெங்காய பக்கோடாவும் வரும். கவலை கொஞ்ச நேரம் நிற்கும்.

வட்டத்தை ஆரம்பித்தவர் எங்கள் சேர்மன் ராஜகோபால் சார். மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே போய்விட்டு வருகிறவர்கள் பாதாம், சாக்லேட் என்று கொண்டுவருவார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் அமெரிக்க சரித்திரத்தைக் கொண்டுவருவார்.

“சர்க்கார்ங்கறது நம்ம வாசப்படியோட நின்னுடணும் மேடம். அதுக்கு மேல ஒரு இஞ்ச் உள்ள வரப்படாது.”

இதை லிஃப்டில் சொல்வார், பால் பூத்தில் சொல்வார். இங்கிலாந்து ராஜா டீக்கு வரி போட்டதையும், பாஸ்டன்காரர்கள் அந்த டீயைக் கடலில் கொட்டியதையும் அவர் வாயால் கேட்க வேண்டும். பெட்டியைத் தூக்கி எறிந்த கைகளில் ஒன்று இவருடையதோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அதே கைதான் எங்கள் நோட்டீஸ் போர்டையும் நிரப்புகிறது. காரிடாரில் செருப்பு வைத்தால் பறிமுதல். பால்கனியில் துணி காயப்போடத் தடை. விருந்தாளி ராத்திரி தங்கினால் முன்கூட்டியே கமிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். என் நாத்தனார் வந்து நாலு நாள் தங்கிய விஷயம் என் கணவருக்குத் தெரியுமுன் சேர்மனுக்குத் தெரிந்திருந்தது. வாசப்படியில் நிற்க வேண்டியது டெல்லி சர்க்கார்தான் போல… கமிட்டி சர்க்காருக்கு எங்கள் பெட்ரூம் வரை பாஸ் உண்டு.

போன மாதம் வட்டத்துக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. நான் ஜீனத்தின் பெயரைச் சொன்னேன்.

ஜீனத் என் ரயில் சிநேகிதி. ஹார்பர் லைனில், லேடீஸ் கம்பார்ட்மென்டில், வருடக்கணக்காக ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்த நட்பு. குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா அங்கே தோல் பை பட்டறை வைத்திருந்தார். இவள் படித்து, ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருகிறாள். கணவர் தோஹாவில். இங்கே இவளும் இவள் உம்மாவும் மட்டும் மான்குர்த்தில் வாடகைக்கு இருந்தார்கள்.

அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றி நன்றாகப் பேசினாள். ஒரு நாட்டை நிறுவியவர்கள், ஆள்கிறவன் என்னென்ன செய்யக்கூடாது என்று எழுதிவைத்ததுதான் பெரிய விஷயம் என்றாள். பேச்சைத் தடுக்கக்கூடாது. காரணமில்லாமல் வீட்டைச் சோதனை போடக்கூடாது. சமாதான காலத்தில், வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் ஒரு சிப்பாயைக்கூட ஒரு வீட்டில் தங்கவைக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் சேர்மனுக்குப் புல்லரித்துவிட்டது.

“வீட்டுக்காரர் சம்மதம். நோட் பண்ணிக்கோங்கோ. ஓனர் கன்சென்ட்” என்று எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

யாரோ ஒருவர், இவ்வளவும் எழுதியவர்கள் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார்களே, அது எப்படி என்று கேட்டார்.

“மக்கள்னு எழுதும்போதே, அதுல யார் யாரு உள்ள வரலாம்னு மனசுக்குள்ள ஒரு கதவு போட்டுக்கிட்டாங்க சார். அந்தக் கதவு எழுத்துல தெரியாது” என்றாள் ஜீனத்.

“வாட் ஹிப்பாக்ரஸி” என்றார் சேர்மன். முதலில் கைதட்டியதும் அவர்தான். பிறகு, மாட்டுங்காவில் வாங்கிய ஜரிகை வைத்த மெரூன் சால்வையை அவள் தோளில் போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்தார்.

கூட்டம் முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் ஜீனத் விஷயத்தைச் சொன்னாள். அவள் இருக்கும் கட்டடம் அபாயமானது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். உம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. லிஃப்ட் உள்ள வீடாக வேண்டும். லிஃப்ட் உள்ள இடத்திலெல்லாம் பெயரைக் கேட்டதும் வீடு ‘இப்பதான் போயிடுச்சு’ என்கிறார்கள்.

எங்கள் கட்டடத்திலேயே, நாலாம் மாடியில், மாமனார் வாங்கிப்போட்ட சின்ன ஃப்ளாட் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. பழைய வாடகைக்காரர் கல்யாணுக்குப் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. “எங்க வீட்டுக்கு வாயேன்” என்றேன். இரண்டு பேருக்கும் அது அவ்வளவு சுலபமாகத் தோன்றியது. இப்போதுதானே அந்தக் கட்டடமே எழுந்து நின்று கைதட்டியிருந்தது?

ஆனால் எங்கள் சொசைட்டியில் ஒரு சடங்கு உண்டு. டெனன்ட் இன்டர்வியூ. மாப்பிள்ளை பார்ப்பது போல, குடிவருகிறவரைக் கமிட்டி முன்னால் உட்காரவைக்க வேண்டும். கமிட்டி ‘சரி’ என்றால்தான் சாமான் கேட்டைத் தாண்டும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

புதன்கிழமை ஜீனத்தை அழைத்துக்கொண்டு போனேன். சேர்மனும் பொருளாளர் குல்கர்னியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜீனத்தைப் பார்த்ததும் சேர்மன் எழுந்தேவிட்டார்.

“வாங்கோ ப்ரொஃபசர், வாங்கோ. உங்க லெக்சர் பத்தித்தான் இன்னும் எல்லாரும் பேசிண்டிருக்கா. உக்காருங்கோ, காபி சொல்றேன்.” என் பக்கம் திரும்பினார். “டெனன்ட் எங்க மேடம்? லேட்டா?”

“நாந்தான் சார் டெனன்ட்” என்றாள் ஜீனத்.

காபி கடைசி வரை வரவில்லை.

சேர்மன் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். வீட்டில் ஜென்ட்ஸ் யாரும் இல்லையா என்று கேட்டார். கணவர் ஊரில் இல்லை என்றதும் அதையும் ஒரு குற்றம்போலக் குறித்துக்கொண்டார். என்ன சமைப்பீர்கள், சொந்தக்காரர்கள் நிறைய வருவார்களா, பண்டிகைக்கு என்ன செய்வீர்கள்… ஒவ்வொன்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“எனக்குப் பர்சனலா ஒண்ணுமே இல்ல மேடம். நான் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மத்தவா என்ன சொல்வாளோ…”

“முஜே பி கோயி ப்ராப்ளம் நஹி” என்றார் குல்கர்னி. அவருக்கும் பிரச்சினை இல்லையாம். ஆனால் மற்றவர்கள்.

யார் இந்த மற்றவர்கள்? இத்தனை வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், அவர்களை நான் பார்த்ததே இல்லை. எந்த மாடி? எந்த ஃப்ளாட்? மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டுகிறார்களா? நாட்டில் உள்ள ஒவ்வொரு நல்லவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டில் இவர்கள்தான் குடியிருக்கிறார்கள். நல்லவர்கள் செய்யக் கூசுகிற காரியத்தையெல்லாம் இவர்கள் பெயரில்தான் செய்கிறார்கள்.

“ஓனர் கன்சென்ட்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஓனர் நான். எனக்குச் சம்மதம்” என்றேன்.

சேர்மன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது அமெரிக்கா மேடம். இது சொசைட்டி.”

வெளியே வந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஜீனத் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே, “விடுங்கக்கா. எனக்கு இது புதுசா என்ன? ஆனா சால்வ போத்துன கையாலயே தள்ளுவாங்கன்னுதான் நெனக்கல” என்றாள். ஆட்டோ வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கம்பார்ட்மென்டில் எத்தனை நெரிசலிலும் சிரிக்கிறவள் அவள்.

அன்று சாயங்காலமே தெரிந்த வக்கீல் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்தார். சொந்த வீட்டை வாடகைக்கு விட எதற்கு சொசைட்டியின் அனுமதி? ஒப்பந்தம் போடு, போலீஸ் வெரிஃபிகேஷன் செய், சொசைட்டிக்குத் தகவல் கொடு. தகவல்தான், அனுமதி இல்லை.

யோசித்துப் பாருங்கள். ராஜாவின் அதிகாரத்துக்கு எல்லை எது என்று மாதாமாதம் பக்கோடா தின்றுகொண்டு விவாதித்தோம். எங்கள் ராஜாவுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்ஜினியர்கள், ஆடிட்டர்கள், அணுசக்தி நகரில் விஞ்ஞானியாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள்கூட உண்டு. எல்லோரும் கைகட்டி இன்டர்வியூவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

ஜீனத்திடம் சொன்னேன். “உம்மாவால படி ஏற முடியாதுக்கா. இல்லன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன். சாவியக் குடுங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு சாமான் வந்தது. லிஃப்ட் வரவில்லை. கதவில் ஒரு பேப்பர்: ‘பராமரிப்பு நடக்கிறது.’ பராமரிக்க ஒரு ஈ, காக்கா இல்லை. வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்காமல், சேர்மன் சாப் காலையில் மாட்டுங்காவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார் என்றான்.

பீரோவும் கட்டிலும் ஆட்கள் தோளில் நாலு மாடி ஏறின. உம்மாவை யார் தோளில் ஏற்றுவது? லாபியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைத்தோம். மழைக் காற்று அடித்ததால் ஜீனத் கைக்குக் கிடைத்த துணியை எடுத்துப் போர்த்திவிட்டாள். ஜரிகை வைத்த மெரூன் சால்வை.

மதியம் தாண்டி சேர்மன் திரும்பினார். பட்டு வேஷ்டி, கையில் தாம்பூலப் பை, வயிறு நிறையக் கல்யாணச் சாப்பாடு. பழக்க தோஷத்தில் நேராக வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். வாட்ச்மேனைப் பார்த்தார்.

“ஆப்னே ஹி தோ போலா தா, சாப்” என்றான் அவன். நீங்கள்தானே சொன்னீர்கள்.

அவர் வீடு ஏழாம் மாடி. அவருடைய முட்டியின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷனை இங்கே வைத்துக்கொள்வதா, நியூஜெர்சியிலா என்று ஒரு வருஷமாக ஆலோசனை நடக்கிறது. படிக்கட்டைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். சால்வையையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் ஏன் பேசிக் கெடுக்க வேண்டும்?

உம்மாதான் நகர்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். “உக்காருங்க தம்பி. லிப்ட்டு ரிப்பேராம். காலையிலேருந்து நானும் கெடக்கேன். ஒங்களுக்கும் முட்டி வலியா?”

சேர்மன் உட்காரவில்லை. வாட்ச்மேன் பக்கம் திரும்பாமலேயே, சுவிட்சைப் போடு என்று கையால் காட்டினார். பராமரிப்பு ஒரு நொடியில் முடிந்தது.

உம்மா, ஜீனத், நான், சேர்மன். ஒரே லிஃப்ட். நாலாம் மாடியில் கதவு திறந்ததும் உம்மா வெளியே கால் வைத்து, திரும்பி, அக்கறையாகக் கேட்டார்: “நீங்களும் இங்க வாடகைக்கா தம்பி இருக்கீங்க? பாத்து இருங்க. சேர்மன் ஒரு மாதிரின்னு சொல்லுதாங்க.”

கதவு மூடிக்கொண்டது.

வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் போர்டில் தலைப்பு வந்துவிட்டது: ‘அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது?’ இதற்கு ஏன் ஒரு கூட்டம்? எங்கள் கட்டடத்தில் அது சேர்மனின் முழங்கால்.