மாடியில் யாரும் இல்லை

பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகம் சிலுவையம்மாளைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தது: “இல்ல உபசரிப்பாளர். பல நாட்டுப் பண்பாடுகளில் பரிச்சயமும் ஆங்கிலத்தில் சரளமும் உடையவர். பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஆய்வாளர்களுக்கு அமைதியான கல்விச் சூழலை அளிப்பவர்.”

சிலுவையம்மாளுக்குப் பரிச்சயமான அயல்நாடு என்றால் எண்ணூர்தான். அங்கே அவருக்கு ஒரு நாத்தனார் இருக்கிறார். சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவர். ஆங்கிலத்தில் கம், ஈட், ஸ்லீப் தெரியும். ஒரு மனிதரை வைத்துக் காப்பாற்ற இதற்கு மேல் மொழி எதற்கு என்பது அவர் கட்சி. அமைதி விஷயத்தில், இராயபுரத்தில் அவர் வீடு இருக்கும் சந்துக்குள் அவர் பேச ஆரம்பித்தால் எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருக்கும் அமீர் ரேடியோவை அணைத்துவிடுவார். இரண்டும் சேர்ந்து கேட்டால் காது தாங்காதாம்.

அந்த வீட்டு மாடியில் ஒரு வருடமாக எஃபுவா இருந்தாள். கானா நாட்டுக் கடலோரத்துப் பெண். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களைப் பற்றி ஆராய வந்தவள். மழைக்காலத்தையும் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும். அதற்கு விசாவை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்க, அவள் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாள் என்று போலீஸ் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டும்.

இந்த ‘அக்கம்பக்கம்’ என்ற இடத்தில்தான் சிக்கல்.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத ஆள் பை மாட்டிக்கொண்டு வந்து யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சம்மன் கொண்டு வருபவர், வண்டியைத் தூக்க வருபவர், கரண்ட்டைப் பிடுங்க வருபவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான். வழக்கத்தை உண்டாக்கியவர் சிலுவையம்மாள். ஒருமுறை உளறிவிட்ட ஒரு குடித்தனக்காரரிடம் அவர் ஒரு மாதம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அந்தச் சந்தில் கடுமையான தண்டனை, அதைவிடக் கடுமையானது ஒன்றுதான், அவர் பேசுவது.

அன்று சிலுவையம்மாள் மீன் கூடையோடு திரும்பியதும் அமீர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“யக்கா, ஒருத்தன் வந்தான், பேக்கு மாட்டிகினு. தொரத்தி வுட்டேன்.”

“இன்னா கேட்டான்?”

“மாடில ஃபாரின் பொண்ணு கீதான்னான். எந்தப் பொண்ணு, எந்த மாடின்னேன். கொடில இன்னா மஞ்சத் துணின்னான். என் சம்சாரத்துதுன்னேன். இம்மா நீளத்துக்கான்னான். வளந்துட்டா சார்ன்னேன்.”

சிலுவையம்மாள் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பல்கலைக்கழகத்தில் இந்த விவகாரங்களைப் பார்க்கும் கிருஷ்ணப்பன்.

“அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அந்த அட்ரஸ்ல ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. சாயந்தரம் மேல போயிடும். போனா அந்தப் பொண்ணு பொட்டி கட்ட வேண்டியதுதான்.”

“அய்யோ, அவன் போலீஸா?”

“பின்ன யாருன்னு நினைச்சீங்க?”

எஃபுவாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவள் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் தண்ணீருக்குள் நிற்பாள். போன் கரையில் யார் கூடையிலோ கிடக்கும். அமீர் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடை பாதி நடைபாதையில் நிற்பது. போலீஸிடம் பொய் சொன்னவன் கடை என்று தெரிந்தால் மீதிப் பாதியும் இருக்காது.

“நான் ஸ்டேசனுக்கு வர்லக்கா. என் பேர மட்டும் சொல்லிராத.”

சிலுவையம்மாள் தனியாகப் போனார். அவர் சொன்னதை எல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார்.

“காலைல சொன்னது பொய், இப்ப சொல்றது நிஜம். அதான?”

“ஆமா சார்.”

“பொய் சொல்றவங்க தெருன்னு நீயே சொல்ற. அந்தத் தெருக்காரி நீ. உன்னை மட்டும் நான் எப்படி நம்புறது?”

கேள்வியில் பிழை இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். “வா, நானே கேக்குறேன். நீ வாயத் திறக்காம ஜீப்புல உக்காந்திருக்கணும். யாருக்கும் போன் பண்ணக் கூடாது.”

சந்துக்குள் ஜீப் நுழைந்தபோது தெரு பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: சிலுவையம்மாளைப் போலீஸ் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் ஒன்றைத் தெருவால் கற்பனை செய்ய முடியாது.

“மேல யார் இருக்காங்க?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“யாரும் இல்ல சார். பூட்டியே கெடக்குது,” என்றார் அமீர்.

“ஜீப்புல இருக்கிற அம்மா யாரு?”

அமீர் சிலுவையம்மாள் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக முதல் டீ வாங்கிக் குடிக்கும் முகம். “தெரியாது சார்.”

சிலுவையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் சந்து முனையில் எஃபுவா தெரிந்தாள். பாவாடை இடுப்பு வரை ஈரம், கையில் ஒரு பை நண்டு. அமீர் கண்ணால் சைகை காட்டினார். போய்விடு என்று அர்த்தம். அவள் பார்த்தாள். ஆனால் அக்கா ஜீப்பில் இருக்க அவளால் போக முடியவில்லை. நேரே வந்து நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே தமிழிலேயே கேட்டார்: “எஃபுவான்னு ஒரு பொண்ணு இங்க இருக்குதா?”

எஃபுவா தெருவைப் பார்த்தாள், அமீரைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் கற்றதை மறக்கவில்லை.

“அப்டி யாரும் இல்லியே சார்.”

அச்சு அசல் இராயபுரத்துத் தமிழ். வேறு எந்த முகவரியிலும் அதைக் கற்றிருக்க முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் உச்சரிப்புக்கு இடம் கிடையாது. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். “சரி. அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. இதுக்கு மேல நான் என்ன எழுதுறது?”

சிலுவையம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை.

“இருங்க சார். இவ எஃபுவா. என் வூட்ல, அதோ அந்த மாடிலதான் ஒரு வருசமா கீறா. இவங்க சொன்னது பொய்யி. சொல்லச் சொல்லிக் குடுத்தது நானு. எங்க எழுதணுமோ என் பேர எழுதிக்க, அந்த ஆள் கடை மேல கை வெக்காத. டேய் அமீரு, வாயத் தொற! நான் சொல்றேன், சொல்லு!”

அமீர் சிலுவையம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இருக்கறா சார். தெனமும் என் கடையிலதான் டீ. சக்கரை போட்டா திட்டுவா.”

அதன் பிறகு ஜன்னல் ஜன்னலாகத் தெரு பேச ஆரம்பித்தது. சப்-இன்ஸ்பெக்டரால் எழுதி மாளவில்லை. பொய் சொல்லத் தூண்டியது தான்தான் என்று எழுதிய தாளில் சிலுவையம்மாள் கையெழுத்துப் போட்டார்.

எஃபுவாவின் விசா நீண்டது. அவள் மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். பல்கலைக்கழகம், போலீஸுக்குத் தவறான தகவல் தரத் தூண்டியதாக எழுதிக் கொடுத்தவர் என்ற காரணத்தால், உபசரிப்பாளர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டது. மாடி இப்போது நிஜமாகவே பூட்டிக் கிடக்கிறது.

சிலுவையம்மாள் செய்தது இதுதான்: தன் வீட்டில் தங்கியிருந்த பெண்ணுக்காக, தானே போட்ட சட்டத்தைத் தெருவே பார்க்க உடைத்து, போலீஸிடம் உண்மையைச் சொன்னார், பொய்க்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.