மூன்றில் ஒரு பங்கு வெயில்

கைரவான் நகரத்தின் பழைய கோட்டைச் சுவருக்கு உள்ளே, சாயக்காரர் சந்தில், மன்னூபியாவின் குரல் கேட்காமல் ஒரு பொழுதும் விடியாது. வாசலில் கல் போட்டு மலாவி ரொட்டி சுட்டு விற்பவள். மிளகாய் விழுதைக் கொஞ்சம் கூடத் தடவச் சொன்னால் தடவுவாள். ரொட்டி சின்னதாகிவிட்டதே என்றால் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். குப்பை வண்டிக்காரனோடு சண்டை, தெருவிளக்கு எரியாததற்கு நகராட்சியோடு சண்டை. வந்த இரண்டு வரன்களையும், பெண் பார்க்க வந்த இடத்திலேயே சண்டை போட்டு அனுப்பியவள். ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கென்று இருந்தது, அப்பன் விட்டுப்போன வீட்டில் தன் பங்காக வந்த ஓர் அறை, அதன் முன்னால் மாடியில் குடியிருக்கும் தம்பிக்கும் பொதுவான திறந்த முற்றம், அதில் ஓர் ஆமை.

அந்த ஆமையும் சண்டையில் வந்ததுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருவன் ஆமைகளின் ஓட்டு விளிம்பில் ஓட்டை போட்டு, கம்பி கோத்து, வெங்காயச் சரம் போலத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தான். மன்னூபியா பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அவனைத் திட்டித் தீர்த்து, மற்றவற்றை அவன் தூக்கிக்கொண்டு ஓடியது போக, கையில் சிக்கிய ஒன்றோடு வீடு வந்தாள். பொறுமைசாலி என்று பொருள்படும்படி சாபிரா என்று பெயர் வைத்தாள். இந்த வீட்டில் ஒருத்திக்காவது அந்தக் குணம் இருக்கட்டும் என்றாள்.

போன குளிர்காலக் கடைசியில், சாபிரா இன்னும் முற்றத்துப் புதினாப் பாத்தியின் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது, சூஸாவில் இருக்கும் சித்தி பேத்தியின் பிரசவத்துக்காக மன்னூபியா போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் முற்றத்தில் வானம் இல்லை. தம்பி ஹம்மாதி தகரம் போட்டு முழுவதும் மூடியிருந்தான். கீழே ஒரு சோபா, ஒரு டிவி. அவன் மனைவி வசீலா சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடா இது?"

"மழை வருது, புறா எச்சம் போடுது. உனக்கும் சேர்த்துதான்க்கா."

"எனக்கும் சேர்த்துன்னா என்கிட்ட கேட்டிருக்கணுமில்ல? ஊருக்குப் போனவ செத்தா போயிட்டேன்?"

"நல்லது செஞ்சாலும் திட்டு" என்று அவன் மாடிக்குப் போய்விட்டான்.

மண்ணைப் பிளந்துகொண்டு சாபிரா வெளியே வந்த வாரம் எங்கும் குளிர். வழக்கமாக வந்ததும் வராததுமாகக் கீரையைத் தேடி நடக்கும் ஆமை, சுவரோரம் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. லெட்டூஸ் இலை வைத்தால் வாடியது. கசகசாச் செடியின் சிவப்புப் பூ, அதற்கு உயிர். அதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. மன்னூபியா அப்படியே செய்தாள். பால் வாயோரம் வழிந்ததுதான் மிச்சம்.

"வயசாயிடுச்சுக்கா. சந்தையில வேற ஒண்ணு வாங்கித் தரேன்" என்றான் ஹம்மாதி.

"உனக்கு வயசானாலும் வசீலாகிட்ட அப்படியே சொல்றேன்."

சாபிராவைக் கூடையில் வைத்து, ஊருக்கு வெளியே இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள். வாசலில் செம்மறியாடுகளோடு நின்ற ஆட்கள் கூடையைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஈத் பெருநாளைக்கு அறுக்கவா, பெரியம்மா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அவள் சொன்ன பதிலில் அவன் ஆடே தலையைக் குனிந்துகொண்டது என்று பின்னால் சந்தில் சொல்லிச் சிரித்தார்கள்.

டாக்டர் ரவ்தா சிரிக்கவில்லை. ஆமையின் வாயைத் திறந்து பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மூக்கில் சளி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நோய் எதுவும் தெரியலம்மா. எங்க வச்சிருக்கீங்க?"

"முற்றத்துல."

"வெயில் படுதா?"

மன்னூபியா, "பட்டுக்கிட்டு இருந்தது" என்றாள்.

"இதுக்குத் தானா உடம்பு சூடாகாது. வெயில் வேணும். சூடு இல்லேன்னா பசிக்காது, தின்னாலும் செரிக்காது. பாலும் ரொட்டியும் இனிமே வேண்டாம், வாயில திணிக்கவும் வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வையுங்க, தலை மூழ்காம. தண்ணி குடிக்கும். அப்புறம் வெயில். வாரம் போயும் தின்னலேன்னா கொண்டு வாங்க."

அன்று முதல் ரொட்டி சுடுவதற்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வெந்நீர் விளாவி சாபிராவை நிறுத்தினாள். பிறகு மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் விட்டாள். ஆனால் மாடி ஹம்மாதியின் பங்கு. மூன்றாம் நாள் ஆமை அங்கே உலர்த்தியிருந்த கம்பளத்தில் மூத்திரம் போய்விட்டது. ரொட்டி விற்று முடித்து மேலே வந்த மன்னூபியா, ஆமையைத் தேடித் தேடி, படிக்கட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்த வாளிக்குள் கண்டெடுத்தாள்.

"கம்பளம் எங்கம்மா சீர் கொடுத்ததாக்கும்" என்றாள் வசீலா.

மன்னூபியா நேரே போய்த் தம்பியின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். முற்றத்தைப் பார்த்த மாடி விளிம்பில் மண்டியிட்டு, தகரத்தின் முதல் போல்ட்டைத் திருகினாள். சத்தம் கேட்டு ஹம்மாதி ஓடி வந்தான். எதிர் மாடிகளில் தலைகள் முளைத்தன.

"ஒரு ஆமைக்காகவா? ஊரே பார்க்குது, எழுந்திருக்கா."

"பார்க்கட்டும். சொத்துப் பிரிக்கும்போது உனக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்ணுன்னாங்க. ஆம்பளைக்கு ரெண்டுன்னு சட்டம்னாங்க, வாய மூடிக்கிட்டேன். வெயிலும் அப்பன் வீட்டு வெயில்தானே? மூணுல ஒரு பங்கு எனக்கு வேணும். ஒன்பது தகரம் இருக்கு, மூணு கழட்டுறேன். நாலாவதைத் தொட்டா என் கையை வெட்டு."

எதிர் மாடியிலிருந்து ஒரு கிழவர், "கணக்கு சரியாத்தான் இருக்கு ஹம்மாதி" என்றார்.

அவள் விளிம்பைத் தாண்டிக் குனிந்ததும் ஹம்மாதி பின்னாலிருந்து அவள் இடுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "விழுந்து தொலைக்காதே. இடப்பக்கம் திருகு, அந்தப் பக்கம் இல்ல" என்று திட்டிக்கொண்டே நின்றான். மூன்றாவது தகரத்தைக் கடைசியில் அவனே கழற்றினான். கீழே முற்றத்தின் ஒரு பக்கத்தில், அவள் அறை வாசலில், வெயில் விழுந்தது.

சாபிரா அன்றே தின்றுவிடவில்லை. வெயிலில் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில், புதினாப் பாத்தி ஓரத்தில் முளைத்த குப்பைஸாக் கீரையின் ஒரு இலையைக் கடித்து இழுத்தது. மன்னூபியா மாவுக் கையோடு குத்தவைத்து அது முழு இலையையும் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ரொட்டிக்கு நின்றவர்கள் கூப்பிட்டார்கள். "நில்லுங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கால்ல" என்றாள்.

சோபாவையும் டிவியையும் தகரம் மிச்சமிருந்த பக்கத்துக்கு வசீலா நகர்த்திக்கொண்டாள். பெருநாளுக்கு வந்த விருந்தாளிகள் முற்றத்தை அண்ணாந்து பார்த்துப் பாராட்டினார்கள். "காத்தும் வெளிச்சமும் வரணும்னு நான்தான் யோசிச்சு இந்தப் பக்கம் திறந்து விட்டேன்" என்றான் ஹம்மாதி, தேநீரை ஊற்றிக்கொண்டே.

அடுப்படியிலிருந்து மன்னூபியா கரண்டியோடு வெளியே வந்தாள்.