தவிட்டுக்கு வாங்கிய மகள்

என் மகளை நான் ஒரு படி தவிட்டுக்கு வாங்கினேன். அதை அரசாங்க அலுவலகத்தில் போய் அப்படியே சொன்னது என் முட்டாள்தனம்.

நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், எங்கள் வழக்கப்படி முறத்தில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். தொண்ணூறு நாள் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பத்தாம் நாளே ஜன்னி கண்டு பெற்றவள் போய்விட்டாள். புருஷன் செமாபோக் பக்கம் குடிபோய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை, பிள்ளையில்லாத எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது.

ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, முந்தைய வருடம் அது. வளர்த்தவர்கள் கையெழுத்து செல்லாது, தத்து எடுத்ததைப் பதிந்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழு வருடம் பேன் பார்த்த கைக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லையாம்!

பதிவு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி தமிழர்தான். "பிள்ள எப்படிம்மா ஒங்களுக்குக் கெடச்சிச்சு?" என்றார்.

"தவிட்டுக்கு வாங்குனேங்க."

அவர் அதை வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளையை விலைக்கு வாங்கினால் ஜெயிலாம். காசு கொடுக்கவில்லை, தவிடுதான் என்று நான் கத்தினேன். தவிடு என்றால் என்ன என்று அவர் கேட்க, "கோழிக்குப் போடுறது" என்று கிராணி விளக்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் விற்பனை ரத்தாக வேண்டும். தகப்பன் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பிறகு எதுவும் பெறாமல் எங்களுக்குத் தர வேண்டும்.

மறுவாரம் தகப்பன் கோழித் தீவனக் கடையிலிருந்து ஒரு படி தவிடு வாங்கி வந்தார். அளவு சரிதானா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். சரியாக இருந்தது. என் பக்கத்தில் இருந்த மகளை எழுப்பித் தகப்பன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உடனே அதிகாரி சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம். நான் எழுந்தால் என் வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுத்தார். "பேசாம ஒக்காரு. இப்ப சட்டப்படி அவரோட பிள்ள." அந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் நான் யாரிடம் போய் எதைக் காட்டியிருப்பேன்? மடியில் இருந்த தவிட்டைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

தகப்பன் ரம்புத்தான் பழம் உரித்துக் கொடுத்தார். அவளும் வாங்கி வாங்கித் தின்றாள், துரோகி. பிறகு அவர் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் முகத்தில் ஈ உட்காராமல் அவர் கையால் விசிறிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

அதிகாரி வந்து தத்துப் படிவத்தை நீட்டினார். பேனாவை வாங்கிய தகப்பன் எழுதாமல் கிராணியைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டப்புறம் நான் பிள்ளையப் பாக்க வரலாங்களா?"

கிராணி கேட்டுச் சொன்னார். "அது அந்த அம்மா இஷ்டமாம். இனிமே உரிமை அவங்களுக்குத்தான்."

அவர் தலையாட்டிவிட்டு, தூங்குகிறவள் அசையாதபடி மெல்லக் குனிந்து கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வரட்டுங்களா அக்கா?"

ஒரு மணி நேரம் அவர் என்ன செய்வாரோ என்று நடுங்கியவள் நான். இப்போது என் முறை. "ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க தம்பி" என்று சொல்லத்தான் செய்தேன். ஆனால் சொல்வதற்கு முன், அவர் முகத்தைப் பார்த்தபடியே வேண்டுமென்றே கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.