முழங்கைக் கரை

பிள்ளையார்பாளையத்தில் பன்னிரண்டு தறி போட்டேன். மாடி வைத்து வீடு கட்டினேன். தண்ணீரே வராது என்று ஊரே சொன்ன இடத்தில் கிணறு வெட்டி, ஊருக்கே தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. அதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் அக்காவை பிசியோதெரபிஸ்ட் ஆக்கியது நான்தான். அவளுடைய பணி ஓய்வு விழாவில் எட்டுப் பேர் பேசினார்கள். ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை. அதனால் நானே எழுதவேண்டியதாகிவிட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சாயக்காரர் வீட்டு மதில்மேல் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்று பந்தயம் கட்டினேன். நாலு அடி நடந்தேன். ஐந்தாவது அடியில் மதில் இல்லை. வலது முழங்கை உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது, யாரோ கொடுக்கப்போகும் காபிக்குக் காத்திருப்பதுபோல் கை மடங்கியே நின்றுவிட்டது.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அக்காதான் அழைத்துப்போனாள். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் என் கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, அளந்து எழுதிக்கொண்டார். நான் கட்டடம் அதிரக் கத்தினேன். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போதுதான் பியுசி முடித்திருந்தாள். ஊர் திரும்பும் பஸ்ஸில், "நான் இதுதான்டா படிக்கப்போறேன்" என்றாள்.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஊரான் கை காலப் புடிச்சி உடுறதுக்கு ஒரு படிப்பாமா? அதுக்கு மெட்ராஸ்ல ஆஸ்டலு வேற?"

"புடிச்சி உடுறது இல்லப்பா. வைத்தியம்."

"வைத்தியம்னா இவன் கைய நீட்டிக் காட்டு. முன்ன மாதிரி இவன் நாடா எறியட்டும், நானே ஃபாரத்துல கையெழுத்துப் போடுறேன்."

அப்பாவின் கஷ்டமும் நியாயமானதுதான். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலை அவர் நெய்ய, வலது ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாவை இழைகளுக்கு நடுவே எறிவது என் வேலை. எனக்குப் பதிலாக வந்த பக்கத்துத் தெருப் பையன், வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகம்.

அக்கா அன்றே ஆரம்பித்தாள். காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம். உத்திரத்திலிருந்து நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றைத் தொங்கவிட்டு, தினம் ஒரு விரற்கடை உயர்த்துவாள். அதை நானே எட்டித் தொடவேண்டும். இழுக்கவே மாட்டாள். "நான் இழுத்தா உன் கை என்கூட சண்டை போடும். நீயா நீட்டு" என்பாள். அப்புறம் பள்ளிக்கூடத்துக் கோணமானியை முழங்கையில் வைத்து அளந்து, அப்பா டிசைன் போட வைத்திருந்த கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பாள்.

மூன்றாம் வாரம் கை முழுசாக நீண்டுவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும். நேரான கை நேராகத் தறிக்குத்தான் போகும். மடங்கிய கைக்கோ தினம் ஒரு முட்டை, நாள் முழுக்க இடது கையால் கோலி. யோசித்தேன். கோணமானி வந்ததும் முந்தின நாள் நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, "வலிக்குதுக்கா" என்றேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று புள்ளி வைத்தாள்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. "இன்னாமா டாக்டரு, உன் வைத்தியம் மொட்டு உட்டுக்கினே இருக்குது, பூக்கக் காணோம்?" என்று அப்பா தறியிலிருந்து கேட்பார். அக்கா அடுத்த புள்ளியை வைப்பாள். ஃபாரம் அனுப்ப மூன்றே நாள் இருக்கும்போது கருட சேவை வந்தது.

விடியற்காலையிலேயே தெரு கொள்ளாத கூட்டம். குடை அசைந்து, கருடன்மேல் வரதர் திரும்பினார். "கோவிந்தா!" என்று ஊரே கை தூக்கியது. என் கைகளும் உயர்ந்தன. இரண்டும். தலைக்குமேல், தென்னங்கன்றுபோல நேராக.

"டேய்! கை!" என்று அப்பா அலறினார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவரோ அழுதுகொண்டே தெருவில் விழுந்து கும்பிட்டார். "பெருமாளே, குடுத்துட்டியே!" அடுத்த நிமிடம் என்னைச் சுற்றிக் கூட்டம். யாரோ மூன்று தம்ளர் பானகம் கொடுத்தார்கள். ஒரு அம்மாள், "தம்பி, என் முட்டியில கொஞ்சம் கைய வையேன்பா" என்றார். வைத்தேன். வலி குறைந்துவிட்டது என்றார். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டின் முதல் பிசியோதெரபிஸ்ட் நான்தான்.

"அப்பா, ஃபாரம்..." என்றாள் அக்கா.

"இன்னா ஃபாரம்? கையக் குடுத்தது பெருமாளு. அவரு எந்த ஆஸ்டல்ல தங்கிப் படிச்சாரு?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா உத்திரத்தில் தொங்கிய தார்க்குச்சியை அவிழ்த்து, நூலைப் பொறுமையாகச் சுற்றி மாடத்தில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை என்னைத் தறியில் உட்காரவைத்தார்கள். நாலு முறை நாடா எறிந்தேன். ஐந்தாவது முறை கை ஓடவில்லை.

"சாமி இல்லப்பா. அக்காதான் செஞ்சிது. ஒரு மாசமாவே நல்லாத்தான் இருக்குது. நான் நடிச்சேன்."

"ஒரு மாசமாவா?"

குழித்தறியிலிருந்து கால்களை எடுத்து எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் தெருமுனையைத் தாண்டிவிட்டேன். அவர் அடுத்த தெருவில் பிடித்தார், அதே வலது கையை. அதை நீட்டிப் பார்த்தார், அடித்தார். மடக்கிப் பார்த்தார், அடித்தார். அத்தனை அடிக்கும் முழங்கை துளி பிசகவில்லை. திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கமா அந்த ஃபாரம்?" என்றார்.

அக்கா மெட்ராஸ் போன பிறகு, அவள் புத்தகங்களுக்கு நடுவில் அந்தக் கட்டத் தாள் அப்பாவுக்குக் கிடைத்தது. அதில் இரண்டு கோடுகள். ஒன்று மேலே மேலே ஏறி உச்சிக்குப் போனது. இன்னொன்று பாதிவரை அதனோடு ஏறி, பிறகு படுத்துக்கொண்டது. "பாருடா, போவும்போதுகூட அப்பனுக்கு ஒரு டிசைன் போட்டு வெச்சிட்டுப் போயிருக்குது பொண்ணு" என்று கண் கலங்கினார். அதற்குத் துளை அட்டை அடித்து, தறியில் ஏற்றி, அக்காவுக்கு ஒரு புடவைக் கரையாகவே நெய்துவிட்டார். வலது ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கரைக்கு நாடா எறிந்தவன் நான்.

ஓய்வு விழாவுக்கு அக்கா அந்தப் புடவையைத்தான் கட்டி வந்தாள். அது என்ன ரெண்டு கோடு என்று அன்றுதான் கேட்டேன்.

"கீழ இருக்கிறது நீ முழிச்சிக்கினு இருக்கும்போது அளந்தது. மேல இருக்கிறது, மத்தியானம் நீ தூங்கும்போது."

"அப்பாகிட்ட காட்டியிருக்கலாமேக்கா?"

"காட்டியிருந்தா அன்னிக்கே உன்னத் தறியில உக்கார வெச்சிருப்பாரு. கொஞ்ச நாள் கோலி ஆடட்டும்னு உட்டேன்."

"ஃபாரம்?"

"அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு இருந்தேன்."

என் பொய்யை முழம் முழமாக நானே நாடா எறிந்து நெய்திருக்கிறேன். பதினொரு வயதில் எனக்கு அது பூப்போடாத கரை, சுலபமான வேலை, அவ்வளவுதான்.

அதெல்லாம் சரி. விழா மலர் அச்சடிக்கிறார்களாம், அட்டையில் அந்தக் கரையின் படம் வருகிறதாம். மேல் கோடு அக்காவுடையது, நான் பங்கு கேட்கவில்லை. கீழ் கோடு என்னுடையது. அது படுக்காவிட்டால் அந்தக் கரையில் டிசைனே இல்லை. படத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், என் பெயரைப் போட்டே ஆகவேண்டும்.