என் பட்டறைக்கு மருமகள் எழுதிய பக்கம்

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். கூட்டல் கழித்தல் பிடிபட்டதும் நின்றுவிட்டேன். மிச்சப் படிப்பை மனிதர்களின் கால்களைப் பார்த்துப் படித்தேன். ஒரு கால் பெரிதும் ஒரு கால் சிறிதுமாக இருப்பவர்களுக்கு ஷூ செய்து கொடுப்பதில் என்னை மிஞ்சிய ஆள் ஒருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் சின்ன மருமகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இப்படி ஆரம்பிக்கவே கூடாது என்று எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னவள் அவள்.

அவள் டெலிபோன் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவதுதான் வேலை. அதனாலோ என்னவோ, யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பாள். குறுக்கே பேச மாட்டாள். எதிராளி பேசி ஓய்ந்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பாள். அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பது அவளுடைய கணக்கு. நான் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைப்பதிலும் நான் கெட்டிக்காரன்தான்.

பேத்தி பிறந்ததற்கு அவள் விடுப்பில் இருந்தபோது கம்பெனி தன் ஆபீசைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டது. வருகிறவர்களுக்கு இடம் உண்டு, மழைக்காலம் முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். போனால் அவள் ஓர் ஊரிலும் என் சின்ன மகன் ஓர் ஊரிலுமாக இருக்க வேண்டும். குழந்தை யாரிடம் இருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. இதற்கிடையே அவள் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளின் இணையதளங்களுக்கு வாசகம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். பூட்டுக்கடைக்காரருக்கு ஒன்று, பாட்டு வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு ஒன்று. ஆனால் அதனால் வியாபாரம் கூடியதா என்று கேட்டால் இரண்டு பேரும் சிரித்து மழுப்பினார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் என் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஒரே ஒரு பக்கம், என் எழுத்தைப் படிச்சுட்டு ஜனங்க நிஜமாவே வாங்கணும். அப்படி நடந்தா இதையே தொழிலா வெச்சுக்கறேன். இல்லன்னா போய் மறுபடி திட்டு வாங்கறேன். திட்டு வாங்கவாவது எனக்கு நல்லா வரும்."

அந்த ஒரே ஒரு பக்கம் எங்கள் பட்டறையின் பக்கமாக அமைந்தது.

பெரிய தெருவில் இருந்த கடையை விட்டுவிட்டு நாங்கள் பின்தெருவுக்கு வந்திருந்த நேரம். போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்க்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். சின்னவன் ஓர் இணையதளம் போட்டான். வாசகம் நான்தான் சொன்னேன், அவன் அடித்தான். நான் எப்படித் தனி ஆளாகத் தொழிலுக்கு வந்தேன், எந்தத் தோல் என்று பார்த்தவுடன் எப்படிச் சொல்லுவேன், என்னை யார் யாரெல்லாம் பாராட்டினார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தோம். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல எழுத்து. ஆனால் வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

மருமகள் அதைச் சமையலறை மேசையில் வைத்துப் படித்தாள்.

"மாமா, இதுல நான், நான்னு வரிக்கு வரி நீங்கதான் நிக்கறீங்க."

"என் கடைம்மா. நான் நிக்காம பக்கத்துக் கடைக்காரனா நிப்பான்?"

"அதில்ல மாமா. கால் வலிக்குதுன்னு ஒருத்தர் வர்றார். அவரை உக்காருங்கன்னு சொல்ல வேண்டாமா? வாசல்லயே நிக்க வெச்சு நம்ம கதையைச் சொல்றோம்."

என் மனைவி அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான்மா ஆச்சு. கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்ச கதை, இன்னும் உக்காரச் சொல்லல."

சரி, எழுது என்று விட்டுவிட்டேன். அவள் எழுதியது பளபளவென்று இருந்தது. மென்மையான தோல், நாள் முழுவதும் சுகம், உங்கள் பாதங்களுக்கு நாங்கள் தரும் மரியாதை என்றெல்லாம். எனக்கே பிடித்திருந்தது. முன்பைவிட நிறையப் பேர் வந்தார்கள், நிறைய நேரம் நின்றார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை. யார் எந்த இடம் வரை படித்தார்கள் என்று காட்டும் வசதி ஒன்று இருக்கிறதாம். சின்னவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாரும் அளவு கேட்கும் இடத்துக்கு வந்ததும் போய்விடுகிறார்கள் என்றான். விலையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றான். பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம் ஓடவிட்டு, சலுகை இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று போடலாம் என்றான்.

"நாளைக்கும் அதே ஆள் வந்து பார்ப்பார். அதே கடிகாரம் மறுபடி முதல்லேர்ந்து ஓடும். அப்புறம் நாம தோல்னு சொன்னாக்கூட ரெக்சின்னுதான் நினைப்பார்" என்றாள் அவள். குரலில் தெம்பு இல்லை. மேலாளர் அன்று மறுபடி போன் செய்திருந்தார்.

மறுநாள் குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டாள். தோல் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, போனில் விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களின் நம்பர் வேண்டும் என்றாள்.

"வாங்காதவன்கிட்ட நமக்கென்னம்மா பேச்சு? வாங்கினவங்களைக் கேளு, என்னைப் பத்தி எவ்வளவு நேரம்னாலும் சொல்லுவாங்க."

"வாங்கினவங்க நன்றி சொல்லுவாங்க மாமா. வாங்காதவங்கதான் விஷயத்தைச் சொல்லுவாங்க."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் எடுக்கவில்லை, சிலர் வைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் அம்மா எடுத்தார். ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் நிற்கிறவர். மருமகள் போனைப் பலகையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தாள்.

"பக்கத்தைப் பார்த்தேன்மா. நல்லாத்தான் இருந்தது. நடுவுல, உங்கள் பாதக் குறைபாட்டைத் தேர்ந்தெடுக்கவும்னு ஒண்ணு வந்தது. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லையேன்னு மூடிட்டேன்."

"ஒரு கால் பெருசுன்னு சொல்லியிருந்தீங்களே?"

"பெருசுதான். அதுக்குன்னு குறைபாடா அது? ரெண்டு சைஸ்ல ரெண்டு ஜோடி வாங்கி, காலுக்கொண்ணா போட்டுட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடறேன். அவ்வளவுதான்."

மருமகள் தலையைச் சாய்த்தபடி காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே மெதுவாகச் சொன்னார்: "அப்புறம், அளவெடுக்க இன்னொருத்தர் உக்காந்து பென்சில் பிடிக்கணும்னு போட்டிருக்கீங்க. நான் தனியா இருக்கேன். யாரைக் கூப்பிட்டு நான் காலைக் காட்டறது?"

அளவு கேட்கும் இடத்தில் குறைபாடு என்ற வார்த்தையை யார் போட்டது என்று மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அங்கே நின்ற சின்னவனைப் பார்த்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்து, அடிப்பாகம் ஒட்டுகிறவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணன் காய்ஞ்சாச்சு. தம்பியை யாருப்பா எடுத்துட்டுப் போனது?"

"யார் மாமா அண்ணன்?"

பெரிய கால் ஷூவுக்கு அண்ணன், சின்னக் காலுக்குத் தம்பி, பெண்களுடையது என்றால் அக்கா, தங்கை. பட்டறையில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஜோடி மாறிப் போகாமல் இருக்க நான் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதை அவளுக்குச் சொன்னேன். அவள் கைக்குக் கிடைத்த அட்டைத் துண்டில் எழுத ஆரம்பித்தாள்.

"இதை எழுதப் போறியா? பட்டறைப் பேச்சும்மா இது. படிச்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மாமா. சிரிக்கறவங்க எழுந்து போக மாட்டாங்க."

"கௌரவமா இருக்காது."

"குறைபாடுங்கறதைவிட கௌரவமாத்தான் இருக்கும். அண்ணன் தம்பி ஒரே உசரமா இருக்காங்கன்னு எந்த வீட்லயாவது எதிர்பார்க்கறாங்களா?"

ஒட்டுகிறவர் மட்டும், "அண்ணி சொல்றது சரிதான்" என்றார். சம்பளம் கொடுக்கிறவன் நான்.

அளவு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தனியாக இருக்கிறவர் தன் காலைத் தானே எப்படி அளப்பது? குதிகாலைச் சுவரோடு ஒட்டித் தாளின் மேல் நிற்க வேண்டும், விரல் முடியும் இடத்தில் கோடு போட வேண்டும் என்று எழுதினாள். சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் அந்தக் குறிப்பையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்து, உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். நாங்கள் வெளியே நின்றோம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பிறகு, "குனிஞ்சா குதிகால் சுவத்தை விட்டு வந்துடுது" என்றாள் மனைவி. வந்த அளவைப் பார்த்தேன். அந்த அளவில் ஷூ தைத்தால் பேத்தியை அதற்குள் படுக்கவைக்கலாம்.

நான் என்றால் அங்கேயே ஒரு யோசனை சொல்லியிருப்பேன், சொல்லவும் வாயெடுத்தேன். மருமகள் கையமர்த்திவிட்டு, "அத்தை, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செஞ்சு பாருங்க" என்றாள். சற்று நேரம் ஏதோ உரசும் சத்தம். என் மனைவி கட்டிலடியில் கிடந்த பழைய ஷூப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்து, சுவரோடு நின்றபடி குனியாமல் மற்றக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து, கட்டைவிரலில் இடிக்கிற வரை நகர்த்தி நிறுத்தியிருந்தாள். பிறகு நிதானமாக நகர்ந்து, உட்கார்ந்து, பெட்டியின் ஓரத்தில் கோடு போட்டிருந்தாள். அளந்தேன். என் கை அளவுக்கு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"இத்தனை வருஷம் கால் காலுன்னு பேசினீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள், வெளியே வந்து.

புதுப் பக்கம் இப்படித் தொடங்கியது: "உங்கள் கால்களில் ஒன்று அண்ணன், ஒன்று தம்பியா? கடைகள் இரண்டுக்கும் ஒரே அளவைத்தான் தரும். நாங்கள் ஆளுக்கேற்ற அளவில் தருகிறோம். அளவெடுக்கத் துணை வேண்டாம். ஒரு சுவரும், ஒரு தாளும், பழைய ஷூப் பெட்டி ஒன்றும் போதும்." பெண்களுக்கான பக்கத்தில் அக்கா, தங்கை. கீழே பெட்டியைக் காலால் தள்ளும் படம். சமர்ப்பி என்று இருந்த பட்டனை எடுத்துவிட்டு, "என் கால் அளவை அனுப்புகிறேன்" என்று வைத்தாள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பதைப் பொடி எழுத்திலிருந்து எடுத்துப் பட்டனுக்கு மேலேயே கொண்டுவந்தாள். என் வாழ்க்கை வரலாற்றைத் தூக்கி எறியவில்லை. எங்களைப் பற்றி என்ற தலைப்பில் கடைசியில் இருக்கிறது. ஷூ வாங்கியவர்கள் அதையும் படிக்கிறார்கள் என்று சின்னவன் சொல்கிறான். படிக்காமல் இருப்பார்களா?

பக்கத்தை ஏற்றிய பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சோறூட்டும்போதும் ஒரு கண் போன் மேலேயே. மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரம் அது. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. அவள் ஊருக்குக் கொண்டுபோகும் துணிப்பெட்டியைத் திறந்து துணிமணியை அடுக்கிப் பார்ப்பதைப் பார்த்தேன். பார்க்காதது போல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஒரு படம் வந்தது. ஒரு தாள், அதில் இரண்டு கோடுகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. அனுப்பியவர் பஸ் ஓட்டுகிறவர். கூடவே, "தம்பிக்கு எப்போதும் கடுதாசி திணித்துத்தான் போடுகிறேன்" என்று எழுதியிருந்தார். மத்தியானம் இன்னொன்று. சாயங்காலம் நர்ஸ் அம்மாவின் தாள் வந்தது, கதவைப் பூட்டிக்கொண்டு நானே அளந்தேன் என்ற குறிப்போடு. வார முடிவில் ஒட்டுகிறவர் காலியான பசை டப்பாவைக் காட்டி, "அண்ணி, கொஞ்சம் மெதுவா எழுதுங்க" என்றார். என் தொழில்திறமை இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரியவைத்தவள் அவள், மறுக்கவில்லை.

மேலாளரை அவளே கூப்பிட்டாள். நான் ஜன்னல் பக்கம் நின்று, துடைத்த ஷூவையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார், வரல... நல்லா யோசிச்சுட்டேன்... இல்ல, வீட்டுல யாரும் போகாதேன்னு சொல்லல... வேற வேலை கிடைச்சுட்டுது... கம்பெனி பேரா? என்னோடதுதான் சார்."

போனை வைத்துவிட்டுத் துணிப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றச் சொல்லிச் சின்னவனிடம் கொடுத்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, விறைப்பான கணுக்காலுக்குத் தனியா ஒரு பக்கம் வேணும்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா. நாளைக்கே எழுதிடு."

"எழுதறேன். போன பக்கம் மருமகள் எழுதினது. இது தொழில். கூலி உண்டு." தொகையையும் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் மண்டிக்காரர்களே என்னைப் பார்த்தால் முதலில் விலையைக் குறைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். நான் அவள் சொன்னதில் பாதியைச் சொன்னேன். குடும்பம் என்றேன். பூட்டுக்கடைக்காரரிடம் என்ன வாங்கினாய் என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, நான் முடித்த பிறகும் பேசாமல் நின்றாள்.

அந்த இடைவெளியில் நானே, "முன்பணமா எவ்வளவு வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பாதி, மாமா."

என் மனைவி சிரித்த சிரிப்பு பட்டறைவரை கேட்டிருக்கும். நான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, விறைப்பான கணுக்காலோடு வந்து வாங்காமல் போனவர்கள் யார் யார் என்று கேட்டபடியே என் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.